சுழற்கோப்பை: பளபளப்பா, எழுத்தா?

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பி.டி. சார் கண்ணாடி அலமாரியின் சாவியைக் கையில் கொடுத்து, "நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர்தானே, இதையெல்லாம் கொஞ்சம் பார்த்துச் செஞ்சிடுங்க" என்றார். திறந்து எண்ணினால் 73 உருப்படி. கோப்பை, கேடயம், பதக்கம், சட்டம் போட்ட தஞ்சாவூர்த் தட்டு, அக்ரிலிக் பலகை, கண்ணாடிக் கட்டி. கணக்கில் சேராத பல்லி முட்டை இரண்டு.

யாரைக் கேட்டாலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டில், "புளி போட்டுத் தேய்ச்சா அஞ்சு நிமிஷம், இதுக்கா இவ்வளவு யோசனை?" சங்கப் பொருளாளர், "டவுன்ல பாலிஷ் கடையில போட்டா புதுசு மாதிரி வந்துடும். பில்லு மட்டும் மறக்காம வாங்கிடுங்க." துபாயில் இருக்கும் வகுப்புத் தோழன் வாட்ஸப்பில், "எல்லாத்தையும் தூக்கிப் போடுடா, புதுசு வாங்கலாம், நான் ஸ்பான்சர்." பி.டி. சார் மட்டும், "தொடாம விட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது சார்" என்றார். அவர் சொன்னதுதான் பாதிக்கு மேல் சரி. அது புரிவதற்குள் என் விரல் நகமெல்லாம் கறுத்துவிட்டது.

எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன்னால், எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் நடக்கும் நாசத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிப்பதால்தான். தூக்கினால் இறகு போலவும், தட்டினால் டொக்கென்றும் இருந்தால் பிளாஸ்டிக். எங்கள் 73-இல் 41 அப்படித்தான். கடந்த இருபது வருஷத்தில் வாங்கிய கோப்பை ஏறக்குறைய எல்லாமே. காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் பித்தளையா வெள்ளியா என்று காந்தம் சொல்லாது. அதற்குக் கைப்பிடி வளைவையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். நிறையக் கைபட்ட அந்த இடங்களில் வெள்ளை தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால், பித்தளை மேல் முலாம்.

ஒரு சின்னக் கோப்பையின் அடியில் இ.பி.என்.எஸ். என்று முத்திரை இருந்தது. "இது வெள்ளி சார், பத்திரம்" என்று பல வருஷமாகத் தனிப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது நிக்கல் சில்வர் மேல் மின்முலாமாக வெள்ளி பூசியது என்பதற்கான முத்திரை. நிக்கல் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. பெயரில் மட்டும்தான் சில்வர். இதைச் சொன்னதும் பி.டி. சார் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு ஒப்பீடே தேவையில்லை. அவற்றின் பொன்னிறம் என்பது மிக மெல்லிய அலுமினியப் படலமும் அதன்மேல் சாயம் கலந்த பூச்சும்தான். பாலிஷ், புளி, ஸ்பிரிட், தின்னர் எது பட்டாலும் நிறம் துணியோடு வந்துவிடும். ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, அவ்வளவுதான். அக்ரிலிக்குக்கும் அதே கதை. அமோனியா உள்ள கண்ணாடித் திரவமோ ஸ்பிரிட்டோ பட்டால் அதில் மயிரிழை விரிசல்கள் கிளம்பும், மறுபடி சரிசெய்ய முடியாது. கண்ணாடிக் கட்டிகள் சோப்புத் தண்ணீருக்கு அஞ்சாதவை. தஞ்சாவூர்த் தட்டில் உருவங்கள் மெல்லிய தகட்டில் தட்டி எழுப்பியவை. விரலால் அழுத்தித் தேய்த்தால் சாமி மூக்கு நசுங்கும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மிச்சம் உலோகமும் மரக்கேடயமும். பேச வேண்டியதெல்லாம் இங்கேதான்.

முதலில் புளி. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. முலாம் இல்லாத வெறும் பித்தளைக்கு இதைப்போல் மலிவான, வேகமான வழி இல்லை. நம் பாட்டிகள் குத்துவிளக்கைப் புளியோடு ஊற விடாமல் தேய்த்த கையோடு கழுவியதற்குக் காரணம் உண்டு. அமிலம் நேரம் கிடைத்தால் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தனியாக இழுத்துவிடும். செம்பு மட்டும் மேலே நின்று, திட்டுத் திட்டாக ரோஜா நிறம் தெரியும். ஒரு ஓட்டப்பந்தயக் கோப்பையில் அந்தத் திட்டு இருந்தது. யாரோ முன்பு புளியைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

புளிக்கு இன்னொரு பிரச்சினை, கோப்பை என்பது விளக்கு அல்ல என்பது. பீடத்தின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றினால் தெரியும். கிண்ணம், தண்டு, பீடம் மூன்றையும் நடுவில் ஒரு நீளமான இரும்புக் கம்பி கோத்து வைத்திருக்கும். புளித்தண்ணீர் இணைப்புக்குள் இறங்கினால் அந்தக் கம்பி துருப்பிடித்து, பின்னால் பழுப்புக் கோடாக வெளியே கசியும். பீடம் நிஜ மார்பிள் என்றால் இன்னும் மோசம். புளி, எலுமிச்சை எது பட்டாலும் மார்பிளின் வழவழப்பு அரித்துப் போய்ச் சாம்பல் நிறத் தழும்பு விழும். ஆகவே புளிதான் என்று முடிவானால், நட்டைக் கழற்றி, கிண்ணத்தை மட்டும் தனியே எடுத்து, இரண்டு நிமிடத்தில் முடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் அல்லாமல் துணியால் ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். இத்தனையும் செய்ய ஆள் இருந்தால் புளி நல்ல வழி. பீதாம்பரி மாதிரிப் பொடிகள் புளியைவிட வேகம், ஆனால் கூடவே சொரசொரப்பும் உண்டு.

பிராஸோ மாதிரி பாட்டில் பாலிஷ்களின் வேலை வேறு மாதிரி. அதில் மிக நுண்ணிய தேய்ப்புத்தூள் இருக்கிறது. கறையோடு சேர்த்து உலோகத்தையும் ஒரு படலம் எடுத்துத்தான் கண்ணாடி போன்ற மினுக்கைத் தருகிறது. துணியில் வரும் கறுப்பு முழுக்க அழுக்கு இல்லை, கோப்பையும் கொஞ்சம் அதில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, ஐம்பது வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முலாம் பூசிய கோப்பை என்றால் அதற்கு முன்பே மஞ்சள் வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு, பொறித்த எழுத்துகளின் குழிக்குள் இந்தப் பாலிஷ் போய் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பல் குச்சியால் நோண்டினாலும் முழுதாக வராது. மரக்கேடயத்தில் பதித்த தகடுகளைச் சுற்றி வெள்ளை வட்டம் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதன் கைங்கரியம்தான். தகடு அளவுக்கு ஓட்டை வெட்டிய பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலே வைத்துக்கொண்டு துடைத்தால் மரம் தப்பிக்கும்.

நிஜ வெள்ளிக்கு ஒரு கெமிஸ்ட்ரி வித்தை உண்டு. பிளாஸ்டிக் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஆப்ப சோடா போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, வெள்ளி தாளைத் தொடும்படி வைத்தால், கறுப்பு கண் முன்னால் மறையும். வெள்ளியின் கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தக வாயுவோடு சேர்ந்து உண்டான சில்வர் சல்ஃபைடு. அலுமினியம் அந்தக் கந்தகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. அப்போது வரும் அழுகிய முட்டை நாற்றம், வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். தேய்ப்பே இல்லாததால் உலோகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் இதுவும் பேதம் பார்க்காது. எழுத்துக் குழியிலும் பூவேலை இடுக்கிலும் அழகுக்கென்று விட்டிருக்கும் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பொருளை வெளிறிப் போக வைக்கும். முத்தோ கல்லோ ஒட்டியது, உள்ளே ஏதாவது அடைத்த பீடம் உள்ளது எல்லாம் இந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. எங்கள் அலமாரியில் இதற்குத் தகுதியானவை இரண்டே இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். ரிப்பனைக் கழற்றிய பிறகுதான் இறக்கினேன். நனைந்தால் ரிப்பன் சாயம் விடும்.

விபூதியை மறக்கக் கூடாது. வெள்ளி விளக்குக்கு விபூதி என்பது வெறும் பழக்கமில்லை. அருங்காட்சியகங்களில் வெள்ளிக்கு நுண்ணிய சுண்ணக்கட்டித்தூளை (கால்சியம் கார்பனேட்) தண்ணீரில் குழைத்துத் தடவுவார்கள், ஏறக்குறைய அதே குடும்பம். ஆனால் கடை விபூதியில் மணல் நெருடும். மெல்லிய துணியில் சலித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பல் தேய்க்கும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பல்லின் கெட்டித்தன்மைக்கு ஏற்ற தூள் அதில் இருக்கிறது. வெள்ளி பல்லைவிட மெது, கீறல் விழும்.

இனி பாலிஷ் கடை. இங்கே நான் வாதம் செய்யத் தேவையே இருக்கவில்லை, சாட்சி அலமாரியிலேயே இருந்தது. கால்பந்துக்கு ஒன்று, வாலிபாலுக்கு ஒன்று என்று ஒரே வருஷம், 1962-இல், ஒரே கடையில் வாங்கிய இரட்டைச் சுழற்கோப்பைகள். பித்தளை மேல் நிக்கல் முலாம். இரண்டிலும் வருஷமும் அணித் தலைவன் பெயரும் வரி வரியாகக் கையால் பொறித்திருக்கும். பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு விழாவுக்காகக் கால்பந்துக் கோப்பையை மட்டும் ஒரு கடைக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வாலிபாலுக்கு நேரம் போதவில்லையாம்.

இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கால்பந்துக் கோப்பைதான் கோப்பை. வாலிபால் கோப்பை ஏதோ பழைய சொம்பு மாதிரி மங்கி, கைப்பிடியில் மஞ்சள் தெரிய நிற்கிறது. கிட்டே போய் விரலை வைத்தால் நிலைமை தலைகீழ். வாலிபால் கோப்பையில் 1964 வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எழுத்தின் விளிம்பு விரல் நுனியில் தட்டும். குழிக்குள் கறுப்பு உறைந்திருப்பதால் மை போட்ட மாதிரி படிக்க முடிகிறது. கால்பந்துக் கோப்பையில் அதே 1964 வரியைப் படிக்க டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிகின்றன, நடுவில் வெறும் வளைவு. கிண்ணத்தின் வயிறு எங்கே புடைத்திருக்கிறதோ அங்கேதான் சேதம் அதிகம், கடையின் பாலிஷ் சக்கரம் அங்கேதான் நன்றாக அழுந்தும்.

கடைக்காரர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். பளபளவென்று கேட்டார்கள், கொடுத்தார். பஃப் போடுவது என்றால் வேகமாகச் சுற்றும் துணிச் சக்கரத்தில் மெருகுக்கட்டியைத் தடவி, உலோகத்தின் மேல்தோலைச் சீவுவது. கையால் பொறித்த எழுத்து நகத்தின் தடிமன்கூட ஆழம் இருக்காது. மறுமுலாம் என்றால் பழைய முலாமை முதலில் எடுக்க வேண்டும், பஃப் போட வேண்டும், அதன்மேல் புதுப் படலம் ஏற வேண்டும். எழுத்துக்கு இரண்டு பக்கமும் அடி: ஒரு பக்கம் கரை தேய்கிறது, இன்னொரு பக்கம் குழி தூர்கிறது. எழுத்தே இல்லாத கோப்பை, உடைந்த கைப்பிடி, கழன்ற பீடம் என்றால் கடைக்குத் தாராளமாகப் போகலாம். பற்றவைப்பதெல்லாம் வீட்டில் ஆகிற காரியமல்ல. பொறித்த வரி உள்ளதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், "எழுத்து இருக்கிற பக்கம் சக்கரம் படக் கூடாது" என்று சொல்லி, கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் 1962 முதல் உள்ள எல்லா வரியையும் இப்போது செல்போனில் எடுத்தோம். மறைந்த எழுத்துகளைப் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை வைத்து நிரப்ப முடிந்தது, இரண்டு பெயர் தவிர.

கடையில் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள், லாக்கர் அடிக்கவா என்று. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சு நன்றாக அமைந்தால் பல வருஷம் தேய்க்கவே வேண்டாம். அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸ் இருக்கிறது. அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் நைஜா ஹஸ்டன் தன் வெண்கலப் பதக்கம் சில நாட்களிலேயே நிறம் மாறி உரிவதைப் படம் பிடித்துப் போட்டார். இன்னும் பலரின் பதக்கங்களும் கெட, அவற்றைச் செய்த பாரிஸ் நாணயச்சாலை மாற்றித் தந்தது. ஈஃபில் கோபுரத்து இரும்பெல்லாம் நடுவில் வைத்துச் செய்தும் மேல்பூச்சு காலை வாரியது. உள்ளூரில் நடப்பதும் இதுதான்: எங்கோ ஒரு கீறல் விழும், அதன் வழியே காற்று புகும், பூச்சுக்கு அடியிலேயே கறுப்பு வேர்விட்டுப் படரும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பூச்சையே உரித்தாக வேண்டும். நிறைய பேர் கை படாமல் அலமாரியில் நிற்கப்போகிற பொருளுக்கு லாக்கர் சரி. வருஷாவருஷம் பையன்கள் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடும் கோப்பைக்கு, நிறமில்லாத மெழுகை மெல்லத் தடவித் துடைப்பது மேல். போனால் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

"தொடாமல் விடுவது" என்ற பி.டி. சார் வழிக்கு வருகிறேன். தொடாமல் விடுவது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. வாலிபால் கோப்பையின் எழுத்து பிழைத்தது யாரும் தேய்க்காததால். ஆனால் அதே அலமாரியில் ஒரு வெள்ளிப் பதக்கத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. சீட்டு கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளிக்கு அதைவிட எதிரி வேண்டாம். ஒரு கேடயத்தின் பின்பலகையைக் கரையான் தின்று, முன்பக்க வார்னிஷ் மட்டும் பலகை மாதிரி நின்றது. ஆக, நாங்கள் செய்தது: செய்தித்தாள் விரிப்பை எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணி, ரப்பர் பேண்டுக்குப் பதில் நூல், சுவரை ஒட்டி நின்ற அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்தது, ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம். வீட்டு வெள்ளிச் சாமான் டப்பாவில் சாக்பீஸ் போட்டு வைக்கிற பழக்கத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸுக்கா பஞ்சம் என்று அதையும் நாலு போட்டார்கள். பிறகு, வியர்வைக் கை படக் கூடாது. ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வெள்ளைக் கையுறை போட்டுத் தூக்கிவருவது பந்தாவுக்கு மட்டும் இல்லை. விரலின் உப்பு உலோகத்தில் ரேகையாகவே பதிந்துவிடும்.

அந்த ஸ்டான்லி கோப்பைதான் எங்கள் சண்டையையும் முடித்து வைத்தது. பொருளாளருக்கு மேடையில் மினுமினுப்பு வேண்டும், எனக்கு எழுத்து வேண்டும். உலகத்தில் பெரிய கோப்பைக்காரர்கள் பலரும் இந்த முட்டுச்சந்தில் நின்றிருக்கிறார்கள், நகல் செய்துதான் வெளியே வந்திருக்கிறார்கள். 1892-இல் வாங்கிய ஸ்டான்லி கிண்ணம் நொய்ந்துபோனதால் டொரான்டோவில் ஓய்வில் இருக்கிறது. வீரர்கள் தூக்குவது 1963-இல் செய்த நகல். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையில் 1911-இல் வந்தது தேய்ந்துபோய், 1992-இல் ஒரு நகல், 2014-இல் இன்னொரு நகல். கால்பந்து உலகக் கோப்பையில்கூட ஜெயித்த நாடு ஊருக்கு எடுத்துப்போவது முலாம் பூசிய நகலைத்தான், 18 காரட் அசல் ஃபிஃபாவிடமே திரும்பிவிடும்.

"அப்ப நம்ம கப்பும் அந்த ரேஞ்சா?" என்று கேட்டார் பொருளாளர். ஆனால் துபாய்க்காரன் பணம் இருந்ததால் மறுக்கவில்லை. தூக்கிப்போட்டுவிட்டு வாங்கச் சொன்னவன், பழசை வைத்துக்கொண்டு வாங்கத் தந்தான். வாலிபால் கோப்பை சோப்புத் தண்ணீரில் ஒரு குளியலோடு, எழுத்துக் கறுப்பும் கைப்பிடி மஞ்சளும் அப்படியே இருக்க, அலமாரியின் நடுத்தட்டில் நிற்கிறது. கால்பந்துக் கோப்பையின் மேல் இனி எதுவும் தடவுவதில்லை. மேடைக்கும் மைதானத்துக்கும் அவற்றின் நகலாக இரண்டு புதுப் பித்தளைக் கோப்பைகள்.

பழைய கோப்பைகளில் 2009-க்குப் பிறகு இடமில்லாமல் பெயர் பொறிப்பதையே விட்டிருந்தார்கள். ஸ்டான்லி கோப்பையில் ஒரு வளையத்தில் 13 அணிகள். வளையங்கள் நிரம்பினால் பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புது வளையம் மாட்டுவார்கள். அதைப் பார்த்து, நகல்களின் பீடத்தைச் சுற்றிக் கழற்றி மாட்டுகிற மாதிரி பித்தளைத் தகடுகள் வைக்கச் சொன்னோம். விட்டுப்போன வருஷங்களின் பட்டியலோடு நான்தான் கடைக்குப் போனேன். எழுதுகிற தம்பி பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "லேசர்ல அடிச்சா இன்னிக்கே தந்துடுவேன் அண்ணே. உளியில வெட்டணும்னா பத்து நாள் ஆகும்" என்றார்.

லேசர் போட்ட மாதிரித் தகடு ஒன்றை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்து நாள் கழித்து வருவதாகச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தேன். பில்லும் வாங்கிக்கொண்டேன்.